ஏழு லட்சம் என்று சந்தோஷப்பட்டோம்

நைனாமலைப் பெருமாள் துணை

எருமப்பட்டி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

என் மாமாவுக்கு மோகனப்பிரியா எழுதிக்கொள்வது.

நானும் யாழினியும் உங்கள் அக்காவும் இங்கே சுகம். நீங்களும் போர்வெல் ரிக்கில் உள்ள எல்லோரும் அங்கே கை கால் சுகத்தோடு இருக்க வேண்டுமென்று விளக்குப் போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கையில் போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். சத்தீஸ்கர் காட்டுக்குள் மேட்டில் ஏறி நின்றால்தான் உங்களுக்கு டவர் கிடைக்கிறது. கிடைத்தாலும் பின்னால் கம்ப்ரசர் சத்தம். நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பிப்பேன், நீங்கள் பாதியில் பதறுவீர்கள், லைன் போய்விடும். எழுத்தென்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள். கந்தன் அண்ணன் ரிக்குக்குப் பூமி துளைக்கிற புது பிட்டுகள் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் இதையும் ஒரு தூக்குப்போசி எள்ளுருண்டையும் கொடுத்து விடுகிறேன். உருண்டையைப் பையன்களுக்குக் கொடுங்கள். கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் பிள்ளையைப் பற்றி. காய்ச்சல் இல்லை. உதட்டு வெடிப்பு ஆறிவிட்டது. விரல் நுனியில் தோல் உரிகிறது. இந்த நோயில் அப்படித்தான் உரியுமாம், பயப்பட வேண்டாம் என்றார்கள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. "அம்மா, நானு பாம்பு மாதிரி சட்ட கழட்டறன் பாரு" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறாள். இட்லி இரண்டுக்கு மேல் கேட்கிறாள். ஓடுகிறாள். ஓடினால் எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இனி ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். போனில் உங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது.

பொங்கல் முடிந்து நீங்கள் வண்டி ஏறிய அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. உங்கள் அக்கா முத்தாயம்மா நங்கை காதில் விழுந்த அன்றைக்கே பப்பாளி இலைச் சாற்றோடு வந்துவிட்டார்கள். அவர்கள் வாசல் மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்னாலேயே, அவர்கள் மகன் மதன் டெங்குவில் இறந்துபோன வருஷம் வைத்தது. அந்த மரம் பட்டுப்போனால் அதன் விதையிலிருந்து இன்னொன்று. இலைக்காக மட்டும்தான் வளர்க்கிறார்கள். பழத்தை ஒருநாளும் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. கிளியும் அணிலும் தின்றுவிட்டுப் போகும். ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் கேட்காமலே சாறு அரைத்துக்கொண்டு போய் நிற்பார்கள். "பிளேட்லெட்டு எறங்கறதுக்குள்ள குடுத்தரோணும் மோகனா, எறங்கினப்பறம் குடுத்து ஆவறதில்ல" என்பார்கள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் யாழினிக்கு வந்தது டெங்கு இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இல்லை என்று வந்தது. காய்ச்சலும் விடவில்லை. ஐந்து நாள் தாண்டியும் கொதித்தது. கண் இரண்டும் செக்கச்செவேல், பீளை மட்டும் இல்லை. நாக்கு சிவந்து முள்முள்ளாக நின்றது. கை வீங்கி, போட்டிருந்த வளையலைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன். உள்ளூர் டாக்டரே பார்த்துவிட்டு, இது வேறு மாதிரித் தெரிகிறது, சேலத்துக்குக் கொண்டு போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

சேலத்துக் குழந்தை டாக்டரம்மா நோய்க்கு ஜப்பான்காரப் பெயர் ஒன்று சொன்னார். காவசாகி. நங்கைக்கு அது இன்றுவரை வாயில் நுழையவில்லை. "அந்தச் சப்பாங்காச்சல்" என்கிறார்கள். உடம்பில் உள்ள ரத்தக்குழாய்களின் உள்சுவர் வெந்து புண்ணாகிற நோயாம். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வருமாம். அதற்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஏற்றி முடித்த மறுநாள் காய்ச்சல் இறங்கியது. ஸ்கேனில் இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் ஓரிடத்தில் கொஞ்சம் உப்பியிருக்கிறது என்றார்கள். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். செலவுக் கணக்கெல்லாம் என்னிடம் சரியாக இருக்கிறது, அதை நீங்கள் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

இனிதான் உங்களுக்குத் தெரியாதது.

வீடு வந்து ஒரு வாரம் கழித்து ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. பிளேட்லெட் ஏழு லட்சத்து இருபதாயிரம். நான் படித்துச் சொன்னதும் நங்கை அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மதனுக்குக் கடைசியில் ஒன்பதாயிரமோ என்னவோ இருந்ததாம். "ஏழு லட்சமா! ஏழு லட்சமா சாமி! என்ற சாறு ஏத்தீருச்சு பாருடி" என்று பிள்ளையைத் தூக்கிச் சுற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் நமக்குத் தெரியாமல் ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்து வெல்லம் போட்டுப் புகட்டியிருக்கிறார்கள். அன்று கோயிலில் பொங்கல் வைத்தோம். தெருவெல்லாம் கொடுத்தோம். நீங்களும் அங்கே ரிக் பையன்கள் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்ததாகக் கந்தன் அண்ணன் சொன்னார்.

மாமா, அது சந்தோஷப்பட வேண்டிய தொகை இல்லை.

கணக்கு எழுதுகிறவளுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். தொகை பெரிதாக இருந்தாலே வரவு என்று நினைத்துவிட்டேன். எது எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. மறுநாள் காலை டாக்டரம்மாவே போன் செய்து, வீட்டுக்கு வரும்போது எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் கொடுக்கிறேனா என்று கேட்டார், உடனே பிள்ளையோடு வரச் சொன்னார். நங்கையும் கூட வந்தார்கள்.

அவர் சொன்னதை உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். பிளேட்லெட் என்கிற தட்டணு நம் ரத்தத்துக்குள் இருக்கிற கொத்தனார் மாதிரி. எங்காவது சுவர் உடைந்தால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைப்பார்கள். டெங்குவில் கொத்தனார்கள் குறைந்து போவார்கள், அதனால் ரத்தம் கசியும். யாழினிக்கு வந்த நோயிலோ, காய்ச்சல் விட்ட பிறகு கொத்தனார்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிடுகிறார்கள். இது இந்த நோயின் வழக்கமாம், சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஏறும். வந்தவர்களும் சும்மா இருப்பதில்லை. குழாயின் உள்சுவர் புண்ணாக இருப்பதால், எல்லோரும் கையில் சிமெண்டைக் குழைத்து வைத்துக்கொண்டு, எதைத் தொட்டாலும் ஒட்டத் தயாராக நிற்கிறார்கள். உப்பிய இடத்தில் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக் கட்டியாகிவிட்டால் இதயத்துக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். ஆகவே எத்தனை பேர் என்பது மட்டும் பேச்சில்லை, எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டும் என்றார். அதற்குத்தான் அந்தச் சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. கொத்தனார்களை அது கொல்வதில்லை, கையில் இருக்கிற சிமெண்டை ஒட்டாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நங்கை பெருமையாக, "பப்பாளி எலச் சாறுங்க, என்ற கையாலயே அரச்சுக் குடுக்கறனுங்க, அதான் ஏழு லட்சத்துக்கு ஏறீருக்குது" என்றார்கள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. அது ஏற்றுமா ஏற்றாதா என்கிற வாதத்துக்கே நான் வரவில்லையம்மா, இந்தப் பிள்ளைக்கு ஏற்றவேண்டிய வேலையே இல்லை, நிறுத்திவிடுங்கள் என்றார். பஸ்ஸில் நாமக்கல் வரைக்கும் நங்கை அந்தக் காலி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டால், "வேல கெடக்குது கண்ணு, வாரேன் போ" என்கிறார்கள்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் சத்தம் போட்டது. ஆஸ்பிரின் என்ற பெயரை நான் சொல்லக் கேட்டதும், "அந்த மாத்தர நம்மூட்டுக்குள்ள வரப்படாது, இன்னைக்கே நிறுத்து, நான் வந்து பாத்துக்கறன்" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். லைன் போய்விட்டது. போனது லைன்தானா, நீங்கள் வைத்துவிட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் நிறுத்தவில்லை. உங்கள் பேச்சை மீறியது கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பெருமாள் முன்னால் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். சாப்பிட்டதும் ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள். யாருக்காவது அம்மை போட்டு, அது இவளுக்கும் வந்தால், அல்லது வேறு காய்ச்சல் வந்தால், இந்த மாத்திரையால் கெடுதல் வரலாமாம், உடனே சொல்ல வேண்டுமாம், வேறு மாற்றுவார்களாம். நம் வீட்டு வழக்கத்தில் அம்மை கண்டால் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. நான் ஏறுவேன். வேப்பிலையும் செருகிக்கொண்டு ஏறுவேன். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பங்குனியில் மறுபடி ஸ்கேன். குழாயின் வீக்கம் வற்றியிருக்கிறதா என்று அப்போது தெரியும். அதுவரை என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் நங்கைக்கு ஒரு போன் போடுங்கள். சாறு தப்பு என்று நாங்கள் சொன்னதை, மதனுக்குக் கொடுத்திருந்தாலும் வீண்தான் என்று சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பைப் தூக்கும்போது ஹெல்மெட் போடுங்கள்.

உங்கள் கால் தொட்டு,
மோகனப்பிரியா.

நைனாமலைப் பெருமாள் துணை

எருமப்பட்டி,
பங்குனி மாதம், சனிக்கிழமை.

என் மாமாவுக்கு மோகனப்பிரியா வணக்கத்தோடு எழுதுவது.

சுகம். சுகத்துக்கு மேலேயே சுகம். ஸ்கேன் விஷயம் கீழே வருகிறது, தாவிப் போகாமல் வரிசையாகப் படியுங்கள்.

கந்தன் அண்ணன் திரும்பி வந்ததும், கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "படிச்சாரு. மடிச்சுச் சட்டப் பையில வெச்சாரு. கம்ப்ரசர் வண்டிக்குப் பொறத்தால போயி ஒக்காந்துட்டாருங்க, சோத்துக்குக் கூப்பிட்டும் வரல" என்றார். நீங்கள் கொடுத்துவிட்ட கவுன் யாழினிக்குச் சரியாக இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், வளருவாள். போனில் அதற்கப்புறம் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். மாத்திரை என்ற வார்த்தையே உங்கள் வாயில் வருவதில்லை. நிறுத்து என்றும் இல்லை, கொடு என்றும் இல்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தடவை பேனாவை மூடி வைத்தேன். எழுதிவிடுகிறேன்.

போன வாரம் நங்கை வந்தார்கள், வெறுங்கையோடு. வந்தவர்கள், "அதென்ன மாத்தர, கொண்டா பாக்கறன்" என்றார்கள். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அப்புறம் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். மதனுக்குக் காய்ச்சல் வந்த மறுநாள் உடம்பெல்லாம் வலிக்கிறதென்று பிள்ளை அழுதிருக்கிறான். அப்போது கடைக்கு ஓடிப்போய் இந்த மாத்திரையை வாங்கி வந்தது நீங்களாம். இதைக் கொடுத்திருக்கக் கூடாதே என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சத்தமாகச் சொன்னபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றதும் நீங்களாம்.

நீங்கள் எனக்கு இதைச் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் இப்போது கேட்கவும் போவதில்லை. ஆனால் நங்கை அடுத்துச் சொன்னதை நீங்கள் கேட்க வேண்டும். "அன்னீல இருந்து தம்பி என்ற மூஞ்சிய நேராப் பாக்கறதில்ல. பொங்கலுக்கு வந்தாலும் வாசல்ல நின்னு பேசீட்டுப் போயர்றான். சாறு குடுக்காம உட்டுப்போட்டா இவ, புள்ளைய வாரிக் குடுத்துட்டாளேன்னு என்ற மேல கோவம்னு நானு நெனச்சன் மோகனா" என்றார்கள். அதனால்தான் அந்த மரமாம். அதனால்தான் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் அரைத்துக் கொண்டு ஓடினார்களாம்.

இத்தனை வருஷமாக அக்காளும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருப்பதாக இரண்டு பேரும் நினைத்திருக்கிறீர்கள். கோபம் இரண்டு பேரிடமும் இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். நங்கை அழவில்லை. "அழுவாத, பால் பொங்குது பாரு" என்றார்கள். பால் அடுப்பிலேயே இல்லை.

ஸ்கேனுக்கு நங்கையையும் கூட்டிப் போனேன். யாழினி படுக்க மாட்டேன் என்று ரகளை. நங்கைதான், "இரு சாமி, உன்ற நெஞ்சுக்குள்ள டிவி ஓடுதாமா, பாக்கலாம்" என்று படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெருமாளே பெருமாளே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உப்பியிருந்த இடம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது மாமா. உள்ளே கட்டி ஒன்றும் இல்லை. ரத்தம் தடையில்லாமல் ஓடுகிறது. பிளேட்லெட் மூன்றரை லட்சத்துக்கு இறங்கியிருக்கிறது. இறங்கியது என்று கேட்டு நங்கை முகம் ஒரு நொடி வெளிறியது. உடனே அவர்களே, "எறங்குனா நல்லதுதானுங்களே?" என்று டாக்டரம்மாவைக் கேட்டார்கள். நல்லதுதான், இதுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற அளவு என்றார். நங்கை கையெடுத்துக் கும்பிட்டார்கள். இந்தத் தடவை சரியான தொகைக்குக் கும்பிட்டோம்.

முழுக்க ஆகிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். மாத்திரை இன்னும் கொஞ்ச காலம் தொடர வேண்டும். ஆனியில் ஒரு ஸ்கேன். கீழே விழாமல், அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காரணமில்லாமல் கன்றிப்போனாலோ மலம் கறுத்துப்போனாலோ உடனே போக வேண்டும். இந்த நோய் வந்து மீண்டு படித்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள் என்றார். எனக்கு அது போதும்.

கிளம்பும்போது நங்கை வாசல்வரை போய்த் திரும்பி வந்து, டாக்டரம்மாவிடம் மதனைப் பற்றிக் கேட்டார்கள். அந்த மாத்திரையால்தானா என் பிள்ளை போனான் என்று நேராகவே கேட்டுவிட்டார்கள். டாக்டரம்மா எழுந்து வந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார். டெங்குவில் அதைக் கொடுக்கக் கூடாதுதான், ஆனால் ஒரு மாத்திரையால்தான் என்று யாராலும் சொல்ல முடியாதம்மா, அந்த நோய் சில பிள்ளைகளை எது செய்தாலும் கொண்டு போய்விடுகிறது, சாறு கொடுக்காததால் என்றும் நினைக்காதீர்கள் என்றார். நங்கை தலையாட்டினார்கள். பஸ்ஸில் இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை. யாழினியை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் சேலத்து டிக்கெட்டுக்கு வம்பு பேசிக்கொண்டு வந்தார்கள்.

அன்று மத்தியானத்திலிருந்து யாழினிக்கு மாத்திரை கொடுப்பது நங்கைதான். சாப்பாடு முடிகிற நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். கரண்டியில் தண்ணீர் விட்டு, மாத்திரையைப் போட்டு, விரலால் கரைத்து, "ஆ காட்டு சாமி" என்று அவர்களே புகட்டுகிறார்கள். நான் கொடுக்கிறேன் என்றாலும் விடுவதில்லை. நேற்று என்னிடம், "தம்பிக்குக் காயிதம் எழுதறயல்ல, இதையும் எழுது. அந்த மாத்தரைய முத்தாயே அவ கையால குடுக்கறாள்னு எழுது" என்றார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதிவிட்டேன். நான் எதுவும் சேர்க்கவில்லை.

மரத்தில் இலை அடர்ந்துவிட்டது. யாரும் பறிப்பதில்லை. காய் ஒன்று கொத்துக்கு நடுவில் பெரிதாக, அடியில் லேசாக மஞ்சள் ஓடி நிற்கிறது. யாழினி தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறாள். நேற்று முன்தினம் நங்கை இன்னொரு பழத்தை அறுத்துத் தட்டில் வைத்து, பிள்ளைக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, தானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். இனிக்கிறதா என்று கேட்டேன். "ஆமா புள்ள, இத்தன வருசம் கிளிக்கில்ல குடுத்துட்டன்" என்றார்கள்.

அந்தப் பெரிய காய்க்கு மட்டும் பழைய வேட்டித் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், அணில் தொடாமல் இருக்க. யாருக்கு என்று யாழினி கேட்டதற்கு, "உன்ற அப்பனுக்கு" என்றார்கள்.

புரட்டாசியில் மூன்று பேரும் நைனாமலை ஏறுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது உங்கள் பாடு. அது தூரத்தில் இருக்கிறது. முதலாளியிடம் கேட்டு இப்போதே ஒரு நான்கு நாள் வந்துவிட்டுப் போங்கள். மழைக்கு ரிக் நிற்கிறவரை காத்திருக்க அந்தப் பழத்துக்குத் தெரியாது. வரும்போது நம் வீட்டுக்கு வருமுன்னே நேராக நங்கை வீட்டுக்குப் போங்கள், வாசலில் நிற்காமல் உள்ளே போங்கள். அவர்கள் அறுத்துக் கொடுப்பதை உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பெருமாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும். துணியை நாளைக்கு ஒருதரம் அவிழ்த்து, பழுத்துவிட்டதா என்று பார்ப்பதாக நங்கை சொன்னார்கள்.

காத்திருக்கும்,
மோகனப்பிரியா.